டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் நடுவே ஆரணி

அத்தியாயம் 7

ஆகாயத்தை அளந்து மீண்டவனை எமன் கூட எழுந்து நின்று வணங்கிவிட்டுத்தான் போவான் என்பது ஆன்றோர் வாக்கு. எந்த ஆன்றோர் என்று மேடையில் சொல்லவில்லை. சொன்னவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர் சொல்லி முடித்த அதே நொடியில் மைக் ஊளையிட்டது. ஆகாயத்தை அளந்த மகான் பதறிப்போய் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். இரண்டு பேர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்கள்.

மகானின் பெயர் வீரபாகு. ஆரணியிலும் பக்கத்துச் சேவூரிலும் பாதித் தறிகளுக்கு நீளவாக்கில் கட்டும் பாவு நூலும் பட்டும் கொடுத்துப் புடவை வாங்கும் முதலாளி. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த உலகப் பட்டு மாநாட்டுக்குப் போய்விட்டு நேற்று ராத்திரிதான் திரும்பியிருந்தார். இன்று காலையில் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆரணியில் அமெரிக்கா போய் வந்தவரைக் கோயில் யானையைப் போலத்தான் பார்ப்பார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மணவாளனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. சைக்கிள் கடை மாடியில் 'மணவாளன் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி எட்டு வருஷமாகிறது. வருகிற கேஸெல்லாம் மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு முன்னால் ஒரு நிச்சயம் நடந்ததா என்கிற ரகம். இன்று காலையில்தான் முதல்முறையாக ஒரு கேஸ் அவரைக் கோபப்பட வைத்திருந்தது.

"சார், பல்ல நெறநெறன்னு கடிக்காதீங்க. பக்கத்துல இருக்கறவரு முறுக்கு திங்கறீங்கன்னு நெனச்சு கையை நீட்றாரு" என்றாள் பரிமளா. அவருடைய உதவியாளர். சேவூர்த் தறிக்காரர் வீட்டுப் பெண். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு வேலைக்கு வந்தவள். டைப்ரைட்டர் இல்லாத ஆபீசில் வாயை வைத்துக் காலத்தை ஓட்டுகிறாள்.

கேஸ் இதுதான். அமெரிக்க மாநாட்டில் காட்டுவதற்கென்றே 'ஆயிரம் அன்னம்' என்று ஒரு புடவை நெய்யச் சொன்னார் வீரபாகு. நெய்தவன் அய்யாக்கண்ணு. புடவை உடம்பு முழுக்க ஜரிகை அன்னங்கள். பயண நாளன்று மூன்று வேன் நிறைய ஜனம் மீனம்பாக்கம் வரை போய் அவரை வழியனுப்பியது. மாலை, மேளம், 'அமெரிக்கா செல்லும் அண்ணனே' என்று துணி பேனர். அந்த அமர்க்களத்தில் புடவையைக் கடைக் கண்ணாடி அலமாரியிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். நாலாம் நாள் பார்த்தால் அலமாரி காலி. பூட்டு உடையவில்லை. முதலாளியைத் தவிர சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவன் வீரபாகுவின் மச்சான் பழனி. இன்னொருவன் அய்யாக்கண்ணு.

பழனி எழுதிக் கொடுத்த புகாரின் பேரில் நேற்றுச் சாயங்காலம் அய்யாக்கண்ணுவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு எங்கே இருந்தாய் என்றால் பதில் இல்லை. வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறான். இன்று மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள்.

காலையில் ஆபீஸ் படியேறி வந்த அய்யாக்கண்ணுவின் மனைவி சங்கீதா அழவில்லை. அழுதிருந்தால் மணவாளன் ஆறுதல் சொல்லியிருப்பார்.

"விடிஞ்சதும் பழனி ரெண்டு ஆளுங்கள இட்டுகினு வந்தாரு சார். தறியில பாதி நெய்ஞ்ச புடவை நின்னுகினு இருந்துச்சு. திருடன் வூட்ல எங்க பட்டு இருக்கக் கூடாதுன்னு சொல்லி கத்திரி வெச்சுப் பாவ அறுத்து எடுத்துக்கினு பூட்டாங்க. ஓடற தறியில பாவ அறுக்கறது எழவு வூட்ல கூட செய்ய மாட்டாங்க சார்."

"முதலாளி ஊர்ல இல்லாத அந்தப் பத்து நாளும் உன் வூட்டுக்காரர் எங்கம்மா போனாரு?"

"தெனம் விடியக் காத்தால டிவிஎஸ் ஐம்பதுல கெளம்பிடுவாரு. தூக்குல இட்லி கட்டிகினு போவாரு. வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்தாருவாரு. ஏதுன்னு கேட்டா, தின்னுன்னுவாரு. அவ்ளோதான்."

அந்த அறுபட்ட பாவுதான் மணவாளனின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

மேடையில் வீரபாகு எழுந்தார். மாலைகளுக்கு மேலே மூக்கு மட்டும் தெரிந்தது.

"அன்பர்களே! மீனம்பாக்கத்திலே ஏறினேன், சிங்கப்பூர். சிங்கப்பூரிலே மாறினேன், டோக்கியோ. அதெல்லாம் தெருமுனை மாதிரி. டோக்கியோவிலே ஏறினேன் பாருங்கள், அதுதான் பிரயாணம்! முப்பது மணி நேரம்! நிற்காமல், இறங்காமல் முப்பது மணி நேரம்! சீனா போகிறது. நம் இந்தியா வருகிறது. ஜன்னல் வழியே குனிந்து பார்க்கிறேன். கீழே நம் கைலாசநாதர் கோயில் கோபுரம்! என் கண்ணிலே நீர். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரன் கர்சீப் கொடுத்தான்!"

மண்டபம் அதிர்ந்தது. முதலில் கை தட்டியவர் தலைமை ஆசிரியர். முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக் கொடுத்தவர்.

"அமெரிக்காவிலே சைவன் என்ன சாப்பிடுவான்? காலையிலே வாழைப்பழம், ராத்திரியிலே வாழைப்பழம். எல்லாம் எதற்கு? நம் ஊர்ப் பட்டுக்காக! ஆனால் மாநாட்டிலே காட்டப் புடவை இல்லை. நான் சோறு போட்டு வளர்த்த கையே அதைத் திருடிவிட்டது. இருந்தாலும் அவனை நான் மன்னிக்கிறேன். சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்!"

மன்னிப்பையும் ஜெயிலையும் ஒரே மூச்சில் வழங்கிய பெருந்தன்மைக்கு இன்னொரு கைதட்டல். மணவாளன் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வாசலில் சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில், பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்குமே, அந்த மாதிரிப் பெரிய உலகப் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அண்ணன் பறந்த பாதை! சென்னையில் ஒரு குண்டூசி. அதிலிருந்து சிவப்புப் பட்டு நூல் புறப்பட்டு சிங்கப்பூர், அங்கிருந்து டோக்கியோ. டோக்கியோ படத்தின் வலது ஓரத்தில். லாஸ் ஏஞ்சல்ஸ் இடது ஓரத்தில். நூல் டோக்கியோவிலிருந்து திரும்பிச் சீனாவைக் கடந்து, கீழே இறங்கி, ஆரணியில் ஒரு குண்டூசியைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு, அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று படத்தின் மறுகோடி வரை ஓடியது. நூல் பற்றாமல் அரபிக்கடலில் ஒரு முடிச்சு.

"நல்ல முடிச்சு சார். பழனி போட்டது. இழுத்தாலும் வராது" என்றாள் பரிமளா.

மணவாளன் நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். "பரிமளா, உன் கூட டைப்ரைட்டிங் படிச்சுதே ஒரு பொண்ணு, மெட்ராஸ்ல ஏரோப்ளேன் டிக்கெட் போடற எடத்துல வேலை செய்யுதுன்னு சொன்னியே?"

"ஹேமலதாவா? இருக்கா. ஆனா எஸ்டிடி காசு நீங்கதான் குடுக்கணும்."

எதிர் டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மறுமுனையில் ஹேமலதா, பின்னால் யாரையோ அதட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"டோக்கியோ டு லாஸ் ஏஞ்சல்ஸா சார்? எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. பத்து மணி நேரம் ஆகும். திரும்பி வர்றப்ப காத்து எதுக்கும், ரெண்டு மணி நேரம் கூட ஆகும்."

"பத்தா? முப்பது இல்லையா?"

"முப்பது மணி நேரம் பறக்கறதுக்கு எந்தப் ப்ளேன்லயும் அவ்வளவு எண்ணெய் புடிக்காது சார்."

"நடுவுல என்னென்ன ஊரும்மா வரும்?"

"ஊரா? தண்ணிதான். பசிபிக் சமுத்திரம். கெழக்க ஏறி கெழக்கயே போய்டும். இன்னொண்ணு சார், ஞாயித்துக்கெழம சாயந்தரம் டோக்கியோவுல கெளம்புனா, அதே ஞாயித்துக்கெழம காலையில லாஸ் ஏஞ்சல்ஸ்ல எறங்கிடலாம்."

மணவாளன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "கெளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துருமா?"

"நடுவுல தேதி மாறுற கோடு ஒண்ணு இருக்கு சார். போனவங்க எல்லாரும் திரும்பி வந்து மொதல்ல சொல்றதே அதைத்தான். ஒரே ஞாயித்துக்கெழமைய ரெண்டு தடவ பாத்தேன்னுவாங்க. சொல்லாம அவங்களால இருக்கவே முடியாது."

போனை வைத்துவிட்டு மணவாளன் நேராக வாசலுக்கு வந்தார். சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் 'எடுக்காதீங்க, எடுக்காதீங்க' என்று கத்தக் கத்த உலகப் படத்தைக் கழற்றினார். வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் பிடித்துக் குழாய் மாதிரி வளைத்தார். இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டன. டோக்கியோவும் லாஸ் ஏஞ்சல்ஸும் ஒரு சமுத்திரத்தின் இரு கரையாக எதிரும் புதிருமாக நின்றன. ஆரணி குழாயின் அந்தப் பக்கம், முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"புடவை மாதிரிதான் சார்" என்றாள் பரிமளா. "விரிச்சு வெச்சா ஒரு முனை சேவூர், ஒரு முனை ஆரணி. கட்டிக்கினா ரெண்டு முனையும் ஒரே இடுப்புலதான் இருக்கும்."

"இவன் போகவே இல்ல பரிமளா." மணவாளன் குழாயை இன்னும் இறுக்கினார். "சுவத்துல மாட்டின படத்தைப் பாத்துப் பறந்திருக்கான்! இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது மணி நேரம்னு கணக்குப் போட்டிருக்கான். பக்கத்து சீட்டுல வெள்ளைக்காரனாம், கர்சீப்பாம்!"

"எங்க மாமா கூட மீனம்பாக்கத்துல மாடியேறி கை ஆட்டுனாரு சார். அப்பறம் பாத்தா அது மதுரைக்குப் போற ப்ளேனாம்."

"மாநாட்டுக்குன்னு நெய்ஞ்ச புடவைய, மாநாட்டுக்குப் போறவன் மறந்துட்டுப் போவானா? போகாதவன்தான் மறப்பான். அமெரிக்காவுல இருந்தேன்னு சொன்னா அவன் மேல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. புடவைய எடுத்தவன் அவன்தான். எடுத்துட்டு நெய்ஞ்சவன் தலையில கட்டிட்டான்."

"தன் புடவைய தானே எதுக்கு சார் திருடணும்?"

"எதுக்குன்னு அப்பறம் பாத்துக்கலாம். ஜல்தியா நட."

ஸ்டேஷன் எஸ்.ஐ. புதிதாக மாற்றலாகி வந்தவர். படத்தைச் சுருட்டி விரித்து மணவாளன் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பூகோளம் நல்லா இருக்கு. ஆனா அய்யாக்கண்ணு ஒரு வார்த்தை பேசினா எனக்கு உதவியா இருக்கும். பேச வையுங்க" என்று உள்ளே விட்டார்.

அய்யாக்கண்ணு கம்பிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசு இருக்கும். நகக்கண்ணில் இன்னும் சாயம்.

"முதலாளி வந்துட்டாரா?" அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"நேத்து ராத்திரியே வந்துட்டாரு."

"நேத்து இந்தப் பக்கமா மேளம் போச்சே. யாருக்கோ கல்யாணம்னு நெனச்சேன். அவருக்கா?"

"அவருக்குத்தான்."

மேளம் ஸ்டேஷன் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறது. நிற்கவில்லை.

"அசதியா இருக்கும்" என்றான் அய்யாக்கண்ணு. "தூங்கி எழுந்து வருவாரு."

மணவாளனுக்குத் தாங்கவில்லை. "யோவ், அந்தாளு மேடையில நின்னு உன்னத் திருடன்னு சொல்லிகினு இருக்கான்யா! காலையில உன் தறியில பாவ அறுத்துட்டாங்க, தெரியுமா? அவன் அமெரிக்காவே போகல!"

அய்யாக்கண்ணு விருட்டென்று எழுந்தான். பார்வை மணவாளனைத் தாண்டி எஸ்.ஐ. மேல் போயிற்று.

"சார், நீங்களே பாத்துகினு இருக்கீங்க. இத நான் சொல்லல. இவரா சொல்றாரு. நான் வாயே தொறக்கல. ரேணுகாம்பாளுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் எவ்வளவு கேட்டும் ஒரு சொல் வரவில்லை. பாவு அறுந்த செய்தி மட்டும் மெதுவாக அவன் கைக்குள் இறங்குவது தெரிந்தது. விரல்கள் இல்லாத இழைகளைத் தடவிக்கொண்டிருந்தன.

வெளியே வந்ததும், "பயம். மிரட்டி வெச்சிருக்கான்" என்றார் மணவாளன்.

"பயந்தவரு ரெண்டு தட்டு இட்லி சாப்ட மாட்டாரு சார். கான்ஸ்டபிள் சொன்னாரு. நம்மள மாட்டி வுட்டவன் எப்ப வருவான்னு எவனாவது காத்துகினு இருப்பானா? இவரு யாரையோ காப்பாத்திகினு இருக்காரு. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணவன் பேச்சு சார் அது." பரிமளா நின்றாள். "ரேணுகாம்பாள் கோயில் எங்க இருக்குது?"

"படவேட்டுல. அதுக்கென்ன?"

"படவேட்டுல வேற என்ன இருக்குது?"

"என்ன இருக்குது, மலை இருக்கு, வாழைத்தோப்பு..." மணவாளன் அத்தோடு நிறுத்தியிருந்தால் துப்பறியும் நிபுணர் என்ற பெயருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். "வாழைத்தோப்புக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்? பேஜார் பண்ணாத, வா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீரபாகுவின் கடை மாடியில் மெத்தை விரித்து, விழாவுக்கு வந்த முக்கியஸ்தர்கள் சாப்பிட்ட களைப்பில் திண்டில் சாய்ந்திருந்தார்கள். நடுவில் வீரபாகு. இன்னும் ஒரு மாலையைக் கழற்றவில்லை. மூலையில் மேல்நாட்டு லேபிள் ஒட்டிய பெரிய சூட்கேஸ், பூட்டியபடி, எல்லாரும் பார்க்கும்படியாக. மணவாளன், பரிமளா, எஸ்.ஐ. மூவரும் ஏறி வந்தார்கள். கடைப் படியிலேயே நின்றுவிட்ட சங்கீதாவையும் பரிமளா கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"திருடன் பெண்டாட்டிக்கு இங்க இன்னா வேலை?" என்று எழுந்தான் பழனி.

"உக்காருய்யா!" என்று மணவாளன் போட்ட சத்தத்தில் தலைமை ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்தார். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

மணவாளன் படத்தை மெத்தையில் விரித்தார். "முதலாளி, டோக்கியோவுல என்னைக்கு ஏறுனீங்க?"

"ஞாயிற்றுக்கிழமை ராத்திரி" என்றார் வீரபாகு, மேடைத் தமிழ் மாறாமல்.

"லாஸ் ஏஞ்சல்ஸ்ல என்னைக்கு எறங்குனீங்க?"

"முப்பது மணி நேரம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை."

"நடுவுல ஆரணிய பாத்தீங்க?"

"கோபுரத்தைப் பார்த்தேன்!"

மணவாளன் படத்தின் இரண்டு ஓரத்தையும் தூக்கி ஒட்ட வைத்தார். "இது டோக்கியோ. இது லாஸ் ஏஞ்சல்ஸ். நடுவுல இருக்கறது சமுத்திரம். பத்து மணி நேரம். ஞாயித்துக்கெழம ஏறுனவன் ஞாயித்துக்கெழமையே எறங்குவான், அதுவும் ஏறுன நேரத்துக்கு முன்னாடி. இதுல ஆரணி எங்க இருக்கு? காட்டுங்க. கோபுரம் எங்க இருக்கு? ஐயா, ஹெட்மாஸ்டர் ஐயா, நீங்க காட்டுங்க!"

தலைமை ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீரபாகு மாலையை நேராக்கிக்கொண்டார். "பைலட்... வழி மாற்றி..."

"உனக்காக வழி மாத்துனானா? ஆரணி மார்க்கெட்டுல எறக்கி வுட்டுட்டுப் போனானா?" மணவாளனுக்கு மரியாதை எல்லாம் காற்றில் போய்விட்டது. "ஒருத்தன் வூட்ல ஓடற தறியில கத்திரி வெச்சீங்களேடா! மூணு மணிக்கு அவனை விலங்கு போட்டுக் கூட்டிகினு போகப் போறாங்க. நீ ஏறாத ப்ளேன்ல உக்காந்து கர்சீப்ல கண்ணத் தொடச்சிகினு இருக்க! எஸ்.ஐ. சார், இந்த ஆளு ஊரை விட்டே போகல. அலமாரிய தொறந்து புடவையத் திருடுனது இவன்தான். புகாரை மாத்தி எழுதுங்க."

எஸ்.ஐ. ஒரு அடி முன்னால் வந்தார். "ஸ்டேஷனுக்கு வாங்க முதலாளி. மாலையை இங்கயே கழட்டி வெச்சிடுங்க."

மாலையைக் கழற்றச் சொன்னதும்தான் வீரபாகு உடைந்தார். மேடைத் தமிழ் எங்கோ போய், பிறந்த ஊர்த் தமிழ் வந்தது.

"ஐயோ, நான் திருடல சார்! அய்யாக்கண்ணுதான் எடுத்தாந்து குடுத்தான்! நான்தான் எடுத்தாரச் சொன்னேன்! என் புடவைய நான் எடுத்தா திருட்டா? நோட்டீஸ் அடிச்சாச்சு, ஊரெல்லாம் ஒட்டியாச்சு, அப்பறம்தான் வீசா இல்லன்னு சொல்லிட்டான் சார். மூணு வேன் ஜனம்! இன்னா பண்றது? நானும் விசிட்டர் சீட்டு வாங்கிகினுதான் உள்ள போனேன். அந்தப் பக்கமா வெளிய வந்து பஸ் ஏறிட்டேன்."

"எங்க போன?"

"படவேட்டுக்கு. தெரிஞ்சவங்க வாழைத்தோப்புல, தண்ணி எறைக்கற மோட்டார் கொட்டாயில தங்கிகினேன்."

பரிமளா மணவாளனைப் பார்த்தாள். மணவாளன் உலகப் படத்தைப் பார்த்தார்.

"அய்யாக்கண்ணுக்கு மட்டும் சொன்னேன். தெனம் இட்லி எடுத்தாந்தான். அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு, புடவை அலமாரியிலயே இருக்குதே, அமெரிக்காவுல எத்த காட்டுனேன்னு கேப்பாங்களேன்னு. யாருக்கும் தெரியாம எடுத்துகினு வாடான்னேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அம்மா சந்நிதியில கற்பூரம் அடிச்சான். வந்து பாத்தா இவன்" என்று பழனியைக் காட்டினார், "போலீசுக்குப் போய்ட்டான். நான் இன்னா பண்ணட்டும்? உண்மைய சொன்னா என் மானம்..."

"அப்ப திருட்டே நடக்கல" என்றார் எஸ்.ஐ.

"நடக்கல."

திருடனைப் பிடித்துவிட்டதாக நினைத்த மணவாளனின் காலை நேரத்துக் கண்டுபிடிப்பு, காற்றுப் போன பலூனாகத் தரையிறங்கியது. அவர் தொண்டையைச் செருமினார். "இது எனக்கு முன்னாடியே தெரியும். அவன் வாயால வரணும்னுதான்..."

பரிமளா பெரிதாக இருமினாள்.

சங்கீதா நேராக வீரபாகுவின் முன்னால் வந்து நின்றாள். 'முதலாளி' என்று கூப்பிடவில்லை.

"நேத்து ராத்திரி மேளத்தோட அந்த ஸ்டேஷன் வாசல தாண்டித்தான வந்தே? உள்ள அவரு இருக்காருன்னு தெரியும் உனக்கு. திரும்பிப் பாத்தியா?"

வீரபாகு மாலையைக் கழற்றி மெத்தையில் வைத்தார்.

"சத்தியம் பண்ணவரு உள்ள உக்காந்துகினு உன்ன நெனச்சுகினு இருக்காரு. அசதியா இருப்பாரு, தூங்கட்டும்னு சொல்லிகினு இருக்காராம். உன்ன நம்பி! காலையில அறுத்தீங்களே பாவு, இழைய எண்ண முடியாது. நீயும் உன் மச்சானும் வந்து ஒவ்வொரு இழையா முடிச்சுப் போட்டுக் குடுங்க. பரிமளா காட்டுச்சே, இந்தப் படத்துல அரபிக்கடல்ல உன் மச்சான் போட்டது, அந்த மாதிரி நல்ல முடிச்சா. நான் உக்காந்து பாக்கறேன்."

பழனி தலை குனிந்தான். முக்கியஸ்தர்கள் ஒவ்வொருவராகச் செருப்புத் தேட ஆரம்பித்தார்கள். முதலில் கிளம்பியவர் தலைமை ஆசிரியர். கடிகாரம் ஓடவில்லை என்று தெரிந்தும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

"புடவை எங்க?" என்றார் எஸ்.ஐ. "அத என் கண்ணால பாத்துட்டு அய்யாக்கண்ணுவ விட்டுடறேன். மூணு மணிக்குக் கோர்ட்டுக்கு யாரை இட்டுகினு போறதுன்னு அப்பறம் யோசிக்கறேன்."

வீரபாகு அசையவில்லை. "பெட்டியில" என்று மட்டும் சொன்னார்.

"தொறங்க."

"ஸ்டேஷன்ல வெச்சுத் தொறக்கலாமே சார். இங்க வேணாம்."

"ஏன் வேணாம்?"

அவர் சாவியைத் தரவில்லை. பரிமளா அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியைப் பார்த்தாள்; எஸ்.ஐ. கையை நீட்டினார், சாவி வந்தது. மேல்நாட்டு லேபிள் ஒட்டிய சூட்கேஸ் திறந்தது. உள்ளே நாலு வேட்டி, ஒரு துண்டு, பாதிப் பழம் மிச்சமிருந்த ஒரு வாழைச் சீப்பு, கொசுவத்திச் சுருள் டப்பா. அடியில் அழுக்கேறிய ஒரு பூப்போட்ட தலையணை உறை, வாய் தைத்தபடி.

எஸ்.ஐ. தையலைப் பிரித்தார். ஆயிரம் அன்னமும் நாலாக மடித்து உள்ளே இருந்தது. நடுவில், ஒரு தலை அளவுக்கு வட்டமாகத் தேங்காய் எண்ணெய்க் கறை.

மோட்டார் கொட்டாயில் உறை மட்டும் இருந்தது, தலையணை இல்லை. தலைக்கு உயரம் இல்லாவிட்டால் வீரபாகுவுக்குத் தூக்கம் வராது.